இன்னொரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும்

பச்சை, பச்சை, பச்சை. ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் விழுந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் பூங்கோதைக்குப் பிடித்த வேலை இதுதான், அதாவது தான் வேலை செய்யாமல் வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது. செய்ய வேண்டியதைச் செய்து அனுப்பியாகிவிட்டது; இனி எந்த ஊரில் இருக்கிறதென்றே தெரியாத யாருடையதோ ஒரு கணினி அவள் எழுதியதை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சோதனையாக நடத்தும். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு, எல்லாம் பச்சையானால் ‘வெளியிடு’ என்ற பொத்தானை அமுக்கலாம், அமுக்கினால் ‘ஊற்று’ என்கிற சின்ன மென்பொருளின் புதுப் பதிப்பு உலகத்துக்குப் போய்விடும். உலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கிணற்றிலும் ஆழ்குழாயிலும் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று அளக்கும் மலிவான கருவிகள் சில இருக்கின்றன, அவை கக்குகிற எண்களை மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம் என்று திறந்து போட்டிருப்பது. எடுத்துக்கொள்கிறவர்களுக்குக் கணக்கில்லை, குறை சொல்கிறவர்களுக்கும் கணக்கில்லை, திருத்தி அனுப்புகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், வந்ததையெல்லாம் படித்துப் பார்த்துச் சேர்க்கிறவள் வடவள்ளியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்திருக்கும் இவள் ஒருத்தி. வாரம் முழுக்க பம்பு கம்பெனியில் சம்பளத்துக்கு இதே வேலை, வாரக்கடைசியில் சம்பளமில்லாமல் இதே வேலை, உனக்கென்ன பைத்தியமா என்று தங்கை கேட்பாள், இருக்கலாம். இந்தப் பதிப்பில் பெருமைப்பட ஒன்றுமில்லை. யாரோ ஓர் எழுத்துப்பிழையைக் காட்டியிருந்தார், திருத்தினாள். உரிமக் கோப்பில் போன வருஷத் தேதியே நின்றுகொண்டிருந்தது, இந்த வருஷத்துக்கு மாற்றினாள். வேறு யாரோ எழுதிய நிரல் ஒன்றை ஊற்று நம்பியிருந்தது, அவர்கள் இனி எங்களால் ஆகாது என்று கைவிரித்துவிட்டார்கள், அதைக் கழற்றி இன்னொன்றை மாட்டினாள். கருவியில் பேட்டரி தீர்ந்துபோனால் கிணறே வற்றிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது, அதைச் சரிபண்ணியதுதான் உருப்படியான ஒரே காரியம். வெளியீட்டுக் குறிப்பில் வழக்கமாக எழுதுவதையே எழுதி வைத்திருந்தாள்: சிறு பிழைத்திருத்தங்கள், வழக்கமான பராமரிப்பு. அந்த வாக்கியத்தின்மேல் அவளுக்கு ஒரு பிரியம் உண்டு. எதையும் அதற்குள் போட்டு மூடிவிடலாம். உடுமலையிலிருந்து அம்மா கூப்பிட்டு வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்கும்போதும் அவள் சொல்வது கிட்டத்தட்ட அதுதான், ஒண்ணுமில்லம்மா, எப்பவும் போலத்தான்.

பச்சை. மூடியிருந்த கதவுக்கு அந்தப்பக்கம் கட்டில் கிறீச்சிட்டது, பூங்கோதை காதைக் கொடுத்துக் கேட்டாள், மிருதுளா புரண்டு படுத்திருப்பாள், வேறொன்றுமில்லை. காலையிலிருந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். ஓமத்தண்ணீர் கொடுத்தாயிற்று, வெந்நீர்ப் பை வைத்தாயிற்று, நேற்றுத் தின்ற பரோட்டாதான் காரணம் என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. எட்டாம் வகுப்புப் பெண், நன்றாகத்தான் இருப்பாள், சாப்பிடுவாள், ஓடுவாள், ஃபோனில் யாரோடோ விழுந்து விழுந்து சிரிப்பாள், திடீரென்று ஒருநாள் வயிறு வலிக்குதும்மா என்று சுருண்டுவிடுவாள். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து போவாள். டாக்டரிடம் கூட்டிப்போன அன்றைக்கு வலி இல்லை. ஸ்கேன் எடுத்த அன்றைக்கும் வலி இல்லை. வயிறு நன்றாக இருந்தது, ரத்தம் நன்றாக இருந்தது, மாதாமாதம் வருகிற நாட்களோடும் இது ஒத்துப்போகவில்லை. அந்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வளர்ற பொண்ணுங்களுக்கு இதெல்லாம் இருக்குங்க, நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க என்றார். பூங்கோதைக்கு அன்றைக்கு அவ்வளவு நிம்மதி. டாக்டரே சொன்ன பிறகு என்ன. அதற்கப்புறம் வயிறு என்று பெண் ஆரம்பித்தாலே, பாத்ரூம் போயிட்டு வா, சரியாயிடும் என்பது வாயில் தயாராக இருந்தது, சரியாகவும் ஆகியது, ஆகாத நாளில் லீவு லெட்டர். சில நாள் அது நடிப்பு என்றுகூட நினைத்திருக்கிறாள். கணக்குப் பரீட்சை இருக்கும், வீட்டுப்பாடம் முடித்திருக்கமாட்டாள், நாம் செய்யாததா. ஆனால் நடிக்கிற பிள்ளைக்கு நெற்றியில் அப்படி வியர்க்குமா என்று ஒரு கேள்வியும் கூடவே வரும், வந்ததை ஓரமாக உட்கார வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

ரத்தினவேல் டீயோடு வந்தான். டம்ளரை விசைப்பலகையில் படாமல் தள்ளி வைத்தான்.

“உனக்கும் சேர்த்துப் போட்டேன். சூடா இருக்குது, பாத்து.”

“வெச்சிருங்க, குடிச்சுக்கறேன். நீங்க குடிச்சீங்களா?”

“ம், ஆச்சு. பாப்பா தூங்கறாளா?”

“தூங்கறான்னுதான் நெனைக்கறேன்.”

“சரி, நீ பாரு.”

எவ்வளவு மரியாதை. ஹாலுக்குத் திரும்பிப் போகிற அவன் முதுகைப் பார்த்தபோது, வாடகைக்கு வந்திருக்கிற நல்ல மனுஷர் ஒருவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிரிந்துவிடுவது என்று பேசி முடித்து மாதக்கணக்காகிறது. சண்டை இல்லை, சண்டை இருந்திருந்தால் ஊருக்குச் சொல்ல ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அவன் குடிக்கவில்லை, இவள் ஆடம்பரம் பண்ணவில்லை, மாமியார் போய்ச் சேர்ந்து வருஷங்களாயிற்று, குறை சொல்ல ஆளில்லை. பேச்சு நின்றுபோயிற்று, அவ்வளவுதான். நீ அந்தப் பெட்டிக்குள்ள யார் யாருக்கோ பதில் சொல்றே கோதை, நான் கேட்டா மட்டும் ம்னு ஒரு சத்தம் வருது என்று ஒருநாள் சொன்னான். அதற்கும் அவள் ம் என்றாள், பெரு நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் கருவி வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள் அப்போது, அவன் சொன்னது அரைமணி கழித்துத்தான் உள்ளே போயிற்று, அதற்குள் அவன் தூங்கிவிட்டிருந்தான் அல்லது தூங்குகிற மாதிரி இருந்தான். எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை. எத்தனையோ வருஷம் அப்படி எழுப்பாமலே போயிற்று. இப்போது ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டுவிட்டான், முழுப்பரீட்சை முடிந்ததும் போகிறான், திரும்பி வருவதற்கில்லை. பரீட்சை முடிகிற வரைக்கும் பெண்ணுக்குத் தெரியக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, குரல் உயரக் கூடாது என்பது ஏற்பாடு. அதைத்தான் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நடத்திக்கொண்டிருக்கிறார்கள், கல்யாணமாகி இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் வேறெந்தக் காரியமும் செய்ததில்லை, அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பேச வேண்டியது இருந்தால், வீட்டை என்ன செய்வது, பெண் யாரோடு இருப்பாள், உங்க அக்காவுக்கு யார் சொல்வது, இதெல்லாம் பேச வேண்டியிருந்தால், பின்பக்க பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, வாஷிங் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசுவார்கள். நாலு துணிக்கு மெஷினாம்மா, தண்ணி வேஸ்ட் என்று மிருதுளா ஒருமுறை கேட்டாள். பூங்கோதை சிரித்து மழுப்பினாள். அழுக்கே இல்லாத துணியையெல்லாம்கூட எடுத்துப் போட்டிருக்கிறாள், அவனுடைய வெள்ளைப் பனியன்கள் இந்த வருஷத்தில் நைந்தே போய்விட்டன.

சிவப்பு. திரும்பிப் பார்ப்பதற்குள் விழுந்திருந்தது, பச்சை வரிசையின் நடுவில் ஒன்றே ஒன்று. எது என்று பார்க்கவே வேண்டாம், மழைச் சோதனையாகத்தான் இருக்கும், அதுதான். மழை பெய்தபின் கிணற்றில் நீர்மட்டம் சரியாக ஏறுகிறதா என்று பார்க்கிற சோதனை அது, நல்ல சோதனைதான், ஆனால் அதற்கு அப்பப்போ கிறுக்குப் பிடிக்கும். பத்து தடவை தேறும், ஒரு தடவை காரணமே இல்லாமல் விழும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது, மறுபடி ஓட்டினால் தேறிவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் வீட்டில் இப்படி ஒன்று உண்டு, யாரும் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை, விழுந்தால் திறந்துகூடப் பார்ப்பதில்லை, ‘மீண்டும் ஓட்டு’ என்பதை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போவார்கள், வந்து பார்த்தால் பச்சை. பம்பு கம்பெனியில் அவளுக்கு மேலே இருக்கிறவர் அங்கே விழுவதை மூன்று தடவை தானாகவே ஓட்டிக்கொள்ளும்படி ஏற்பாடு பண்ணி, அதற்குப் பாராட்டும் வாங்கினார். ஊற்றுக்குப் புதிதாகத் திருத்தம் அனுப்ப வருகிறவர்கள் பயந்துவிடக் கூடாதே என்று வழிகாட்டியில் பூங்கோதையே எழுதி வைத்திருக்கிறாள், மழைச் சோதனை விழுந்தால் கவலைப்பட வேண்டாம், இன்னொரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும் என்று. எழுதும்போது அது ஒரு சமாதானமாகத்தான் தோன்றியது. வருகிறவர்களெல்லாம் அதைப் படித்தார்கள், நம்பினார்கள், ஓட்டினார்கள், பச்சை வந்தது, யாருக்கும் குறையில்லை. சுட்டியை எடுத்து ‘மீண்டும் ஓட்டு’ பொத்தானுக்கு மேல் கொண்டுபோனாள். பேட்டரி விஷயத்துக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவர் கிணறு வற்றிவிட்டதென்று நம்பி மோட்டாரையே கழற்றிவிட்டதாக எழுதியிருந்தார் பாவம், அமுக்கினால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். டீயை ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை அவளுக்குப் பிடித்த மாதிரி குறைவாகப் போட்டிருந்தான், அதையெல்லாம் இன்னும் மறக்கவில்லை.

அமுக்கப்போனவளை நிறுத்தியது துஷ்யந்தன்தான், மட்டக்களப்பில் நீர்ப்பாசன வேலையில் இருக்கிற ஒருவர், நேரில் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை, ஊற்றில் ஏதாவது ஒழுகினால் சத்தமில்லாமல் அடைத்துவிட்டுப் போகிறவர். மழைச் சோதனையைப் பற்றி அவர் முன்பே ஒரு குறிப்பு எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது, பூங்கோதை அப்போது அதை முழுக்கப் படிக்காமல் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்திருந்தாள். தேடி எடுத்தாள். அக்கா, வணக்கம், மழைச் சோதனையைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன் என்று ஆரம்பித்திருந்தார். தனியே ஓட்டினால் அது ஒருநாளும் விழுவதில்லை, அதில் ஒரு பிழையும் இல்லை, அதுக்கு முன்னுக்கு ஓடுகிற ஒன்று தன்ரை வேலை முடிந்ததும் துப்புரவாக்காமல் போகுது, வரிசை ஒவ்வொரு முறையும் மாறுவதால்தான் இது சிலவேளை மட்டும் விழுகுது, விழுகிறதையே பார்த்துக்கொண்டிராதேங்கோ, அதுக்கு முன்னுக்கு ஓடினது எது எண்டு பாருங்கோ. பூங்கோதை சோதனைகள் ஓடிய வரிசையைக் காட்டும் பதிவைத் திறந்து ஒரு வரி மேலே போய்ப் பார்த்தாள். வற்றிய கிணறு. அவளே எழுதிய சோதனை, ஊற்று ஆரம்பித்த புதிதில், மிருதுளா கைக்குழந்தையாக இருந்தபோது, மடியில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் எழுதியது. பாவனையாக ஒரு கிணற்றை வற்றவைத்து, எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்கும், வந்ததும் தன் வேலை முடிந்ததென்று போய்விடும், கிணற்றை மறுபடி நிரப்பி வைக்காது. அடுத்து வருகிற சோதனைக்குக் கிணற்றைப் பற்றிக் கவலையில்லையென்றால் தப்பித்தது, மழைச் சோதனை வந்து மாட்டினால் தொலைந்தது, நிறைந்த கிணறு என்று நம்பி இறங்கி வெறும் பள்ளத்தில் விழும். பச்சை மிளகாய் நறுக்கிய பலகையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போகிற மாதிரி. அடுத்து வருகிறவள் அதிலே மாம்பழம் நறுக்கித் தின்றுவிட்டு வாய் எரிகிறது என்று கத்துவாள், எல்லோரும் அவள் வாயைத் திறந்து பார்ப்பார்கள், நாக்கு நன்றாக இருக்கிறது, பல் நன்றாக இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடி என்பார்கள். வற்றிய கிணறு இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் சிவப்பானதில்லை. பூங்கோதை வாய்விட்டுச் சிரித்தாள், பிழை அகப்பட்டதும் வருகிற சந்தோஷச் சிரிப்பு, அதற்கு நிகராக இந்தத் தொழிலில் வேறொன்றும் கிடையாது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

விழுகிறதையே பார்த்துக்கொண்டிராதேங்கோ. சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எல்லோரும் மிருதுளாவின் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறார்கள், அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள், படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள், இங்கயா கண்ணு, அங்கயா சாமி, எவ்வளவு வலிக்குது. வலிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒருத்தர் கேட்கவில்லை, பெற்றவள் கேட்கவில்லை. பயம் வந்தால் அது நேராக வராது, எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வரும், பூங்கோதைக்கு முதலில் ஸ்கூல் வேன் கண்ணுக்குள் வந்தது. வேன்காரர் வயசானவர், விபூதி வைத்திருப்பார், பிள்ளைகளை அம்முணி என்று கூப்பிடுவார், விபூதி வைத்திருந்தால் ஆயிற்றா. நடுவில் கொஞ்ச நாள் வேறொரு பையன் ஓட்டினானே. விளையாட்டு வாத்தியார் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார் என்றாளே, அவரைப் பற்றி அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லையே, ஏன் சொல்லவில்லை. லிஃப்டில் வருகிற கீழ்வீட்டுக்காரர். டியூஷன் சொல்லித் தருகிற டீச்சரின் தம்பி. ஒவ்வொரு முகமாக வந்து நின்றது, ஒவ்வொன்றையும் அவள் கொன்றுபோடத் தயாராக இருந்தாள், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நாட்களை நினைத்துப் பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், பயந்தால் ஆகாது, பிழை தேடுகிற மாதிரி தேடு, வரிசையைப் பார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நேற்றும் ஸ்கூல் இல்லை, வேன் இல்லை, வாத்தியார் இல்லை, டியூஷனும் இல்லை, பெண் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. போன தடவை பொங்கல் லீவில். அப்போதும் வேன் இல்லை. அதற்கு முந்தினது ஒரு வியாழக்கிழமை, நன்றாக நினைவிருக்கிறது, அன்று பம்பு கம்பெனியில் ஒரு முக்கியமான கூட்டம், இவள் லீவு போட வேண்டியதாயிற்று, எரிச்சலாக வந்தது, புதன்கிழமை ராத்திரிகூட நன்றாக இருந்தாளே என்று ரத்தினவேலிடம் சொன்னாள். புதன்கிழமை அவன் சீக்கிரம் வந்திருந்தான். ஏன் வந்தான். ஓசூரிலிருந்து வேலை உறுதியாகிக் கடிதம் வந்திருந்தது, அதைப் பேசவேண்டும் என்று வந்தான். பேசினார்கள். துணி ஒன்றும் இல்லையென்று மேசை விரிப்பை உருவிப் போட்டு மெஷினை ஓடவிட்டுப் பேசினார்கள். பொங்கலுக்கு உடுமலை போய்விட்டு வந்த அன்றைக்கும் பேசினார்கள், அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று. நேற்று மத்தியானம் பேசினார்கள்.

இருக்காது. பால்கனிக் கதவு சாத்தியிருந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, மிருதுளா தன் அறையில் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு இருந்தாள், குரல் உயரவே இல்லை, எப்படிக் கேட்டிருக்கும். காதில் விழுந்திருந்தால் கேட்டிருப்பாளே, வாயாடி, மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். தெரியாதவளா? சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படி. இப்போது தெரியாது. எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று யோசித்தாள், அவளுக்குப் பிடித்த கலர் எது, மாறியிருக்கும். எண்ணம் வழுக்கிக்கொண்டு மறுபடி வேன்காரரிடம் போயிற்று, அவராக இருந்துவிட்டால்கூடத் தேவலை என்று ஒரு நொடி தோன்றியது, தோன்றியதும் பூங்கோதைக்குத் தன்மேலேயே அருவருப்பாகிவிட்டது. காரணம் தான் இல்லை என்று ஆவதற்காக எந்தத் தாயாவது இப்படி நினைப்பாளா. நினைத்தாள், அவள்தான். நாங்கள் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லையே, கத்தவில்லையே, பாத்திரம் பறக்கவில்லையே, எத்தனை வீட்டில் என்னென்ன நடக்கிறது, நாங்கள் முடிந்தவரைக்கும் எல்லாவற்றையும் சுத்தமாகத்தான் செய்தோம். செய்துவிட்டு மூடிய கதவைத் திறந்துகொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம், ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டோம். அதற்கப்புறம் வந்து உட்கார்ந்தவள் அவள். இதைத் தன்னிடமிருந்து மறைக்க இனிமேல் முடியாது என்று பூங்கோதைக்குப் புரிந்தது, அவள் அழுதாள், சத்தம் வராமல் அழுவதில் இந்த வருஷம் நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது. சுட்டி இன்னும் பொத்தானின் மேலேயே நின்றிருந்தது. அமுக்கலாம். வரிசை மாறிவிடும், பச்சை வந்துவிடும். எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தூங்கு சாமி, நாளைக்குச் சரியாயிடும் என்றால் நாளைக்குச் சரியாகிவிடும், எப்போதும் ஆகிற மாதிரி, பெண் வேனில் ஏறிப் போய்விடுவாள், பரீட்சை என்ன தொலைவிலா இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள்தானே. கொஞ்ச நாள்தானே என்பதை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, சிவப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

மிருதுளா தூங்கவில்லை. சுவரைப் பார்த்துக் கால்களை மடக்கிப் படுத்திருந்தாள், வெந்நீர்ப் பை ஆறிப்போய்த் தரையில் கிடந்தது. பூங்கோதை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எவ்வளவு வலிக்குது என்றுதான் வாய் போயிற்று, பிடித்து நிறுத்தினாள்.

“மிது, நேத்து மத்தியானம் நல்லாத்தான இருந்தே?”

“ம்.”

“அப்புறம் என்ன நடந்துச்சு?”

“எனக்கு ஒண்ணும் நடக்கலம்மா. சும்மா வலிக்குது.”

“உனக்கு இல்ல சாமி. வலி வர்றதுக்கு முன்னாடி, வீட்ல. எதைப் பாத்தே, எதைக் கேட்டே? எதுன்னாலும் சொல்லு, அம்மா திட்டமாட்டேன்.”

பெண் திரும்பிப் படுத்து அவள் முகத்தைப் பார்த்தாள். அம்மா அழுதிருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டாள் போலிருந்தது, பார்வையை எடுத்துக்கொண்டு போர்வையின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது.

“நான் ஒட்டுக் கேக்கலைங்கம்மா.”

“தெரியும் கண்ணு.”

“நேத்து அப்பா உங்க துணியெல்லாம் மடிச்சு வெச்சாங்கல்ல.”

“ஆமா.”

“நீங்க தேங்க்ஸ்னு சொன்னீங்க.”

பூங்கோதைக்குப் புரியவில்லை. சொல்லியிருப்பாள். நினைவில்லை.

“அதுக்கென்ன சாமி?”

“அன்னிக்கு வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டு வந்ததுக்கும் சொன்னீங்க. உடுமலை ஆயா வீட்ல இருந்து வந்தப்ப பேக் எடுத்து வெச்சதுக்கும் சொன்னீங்க. அப்பாவும் உங்களுக்குச் சொல்றாங்க.” நூலைச் சுண்டு விரலில் சுற்றினாள். “நீங்க எங்கிட்ட ஒருநாளும் தேங்க்ஸ் சொன்னதில்ல. சித்திகிட்டச் சொன்னதில்ல. எதிர்வீட்டு ஆன்ட்டிகிட்டச் சொல்வீங்க, ஆட்டோக்காரர்கிட்டச் சொல்வீங்க. முன்னெல்லாம் அப்பா ஏதாச்சும் செஞ்சா இவ்வளவு நேரமாங்கன்னுதான் திட்டுவீங்க.”

அதெல்லாம் ஒண்ணுமில்ல என்ற வாக்கியம் பூங்கோதையின் நாக்கில் வந்து நின்றது. எத்தனை தடவை சொல்லிச் சொல்லி மெருகேறிய வாக்கியம், சொன்னால் பெண் நம்புவாள், நம்பாவிட்டாலும் நம்புகிற மாதிரி இருப்பாள், அவளுக்கும் அது வந்துவிட்டது.

“அப்பா போறாங்களாம்மா?” என்றாள் மிருதுளா.

பரீட்சை முடிந்தபின் சொல்வதற்கென்று எத்தனையோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள் பூங்கோதை. அப்பாவும் அம்மாவும் உன்னை எவ்வளவு என்று ஆரம்பிக்கும். அதில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

“ஆமா கண்ணு,” என்றாள்.

மிருதுளா தலையை ஆட்டினாள், உதடு கோணிக்கொண்டு போயிற்று, பல்லால் கடித்து நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. பெரிதாக அழுதாள், அடிபட்ட குழந்தை அழுகிற மாதிரி, வாயை மூடாமல். இவ்வளவு சத்தத்தை அந்த வீடு கேட்டு எவ்வளவு காலமாயிற்று. பூங்கோதை அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள், சரியாயிடும் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள், கதவுப் பக்கம் திரும்பி, மாதக்கணக்கில் உயராத தன் குரலை உயர்த்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று கத்தினாள்.

“ஏனுங்க! அங்க என்ன பண்றீங்க, இங்க வாங்க!”

ஹாலில் நாற்காலி நகர்ந்தது. ரத்தினவேல் ஓடி வந்து வாசலில் நின்றான், ஒருத்தி முகத்தையும் இன்னொருத்தி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான், கேட்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் உள்ளே வருவதா வேண்டாமா என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மிருதுளா அழுதுகொண்டே, அவனைப் பார்க்காமலே, சுவர்ப் பக்கமாக நகர்ந்து கட்டிலில் அவனுக்கும் இடம் விட்டாள்.